தவளைகளை விடும்போது பாம்புகளையும் எண்ணுங்கள்: பனாமா சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் தேசியப் பூங்கா அலுவலர்களுக்கும்,

வணக்கம். கொக்லே மாகாணத்தின் எல் கோப்பே ஊரை ஒட்டிய ஓமர் தோரிஹோஸ் தேசியப் பூங்காவில் நடந்ததை முன்வைத்து, ஒரே ஒரு கோரிக்கையோடு இம்மடலை எழுதுகிறேன்.

2004-இல் அந்த மலைக்காட்டுக்குக் கைட்ரிட் பூஞ்சை வந்து சேர்ந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எங்கள் பழமொழி. அங்கிருந்த தவளைகளோ தோலால் கெட்டன. நீரையும் உப்புகளையும் தோல் வழியாக ஈர்த்துக்கொள்ளும் உயிர்களின் தோலைப் பூஞ்சை பாழாக்க, குருதியில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து அவற்றின் இதயம் நின்றது. இவை தாங்கள் நன்கறிந்த செய்திகள்.

அதன் பிறகு, தவளைகளையும் அவற்றின் முட்டைகளையும் உண்டு வாழும் பாம்புகளுக்கு என்ன ஆயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நோய்க்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் அக்காட்டில் 30 இனப் பாம்புகளைக் கண்ட ஆய்வாளர்கள், பிந்தைய ஆறு ஆண்டுகளில் 21 இனங்களையே கண்டதாக 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். சில இனங்களில் எஞ்சிய பாம்புகளும் மெலிந்திருந்தன. ஓடையின் மேல் சாய்ந்த இலைகளில் தவளைகள் இடும் முட்டைகளை உண்ணும் சிபோன் ஆர்கஸ் என்ற மெல்லிய பாம்பும் அருகிப்போனது. ஆயினும், பல இனங்கள் ஓரிரு முறை மட்டுமே கண்ணில் பட்டவை என்பதால், இனங்களின் எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்ததற்கு 85 சதவீத வாய்ப்பு உண்டு என்ற அளவில்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. நோய் வருவதற்கு முன்பே யாரோ இரவிரவாக ஓடைக்கரைகளில் விளக்கோடு நடந்து எண்ணி வைத்திருக்காவிட்டால், இந்த அளவுகூடச் சொல்லியிருக்க முடியாது.

கம்போவாவிலும் எல் வாயேயிலும் உள்ள காப்பு மையங்களில், மீண்டும் காட்டில் விடுவதற்காகத் தவளைகளை வளர்த்துக் காக்கும் பணியை நான் மதிக்கிறேன். 2017-இல் மமோனி பள்ளத்தாக்கில் லிமோசா ஹார்லிகின் தவளைகளைச் சோதனையாக விட்டதும் துணிவான முயற்சியே. ஆனால் அவ்வினத்துக்கும், உங்கள் லாட்டரிச் சீட்டுகளில் அச்சாகும் பொன் தவளைக்கும் தோலில் நஞ்சு உண்டு. பெரும்பாலான பாம்புகளுக்கு அவை எளிய இரை அல்ல. பாம்புகள் மீள வேண்டுமானால், இலைகளில் முட்டையிடும் சாதாரண மரத்தவளைகள் பெருக வேண்டும். அவற்றின் படத்தை எவரும் சீட்டில் அச்சிடுவதில்லை. பாம்பின் நிலை இன்னும் மோசம். கொடிய நஞ்சுள்ள தெர்சியோபெலோ விரியன் மீதுள்ள நியாயமான அச்சத்தால், நஞ்சற்ற பாம்பும் வெட்டுக்கத்திக்கு இரையாகிறது.

ஆகவே, தவளைகளை விடத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும், விடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இரவுநேரப் பாம்புக் கணக்கெடுப்பைத் தொடங்கி, விட்ட பின்னரும் அதே தடங்களில் அதே முறையில் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். எல் கோப்பேயின் பழைய தடங்களிலும் அதை மீண்டும் செய்ய வேண்டும். அப்பணியைப் பூங்காக் காவலர்களின் வழக்கமான கடமைகளில் ஒன்றாக்கி, கிடைக்கும் எண்களை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஊர்வனவற்றின் மீது அக்கறை கொண்ட தமிழ் வாசகர் ஒருவர்