அர்ரியாவின் மகள்

அன்புள்ள யாழினி,

"செத்துப் போனவங்களை வைக்கிற பெட்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு வேலைப்பாடு? எப்படியும் இருட்டுக்குள்ளதானே கிடக்கப் போகுது?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். குக்கர் விசிலுக்கு நடுவே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ரோமானியர் பகுதியில் உன்னை நிறுத்திவைத்தது பேட்மின்டன் பேழையாகத்தான் இருக்கும். நடுவில் சிறுத்தைமேல் அமர்ந்த மதுத் தெய்வம் டயோனிசஸ், இரு பக்கமும் சிறகு முளைத்த நான்கு இளைஞர்கள். அவர்கள்தான் நான்கு பருவங்கள்: வசந்தத்தின் கையில் பூக்கூடை, கோடைக்குக் கோதுமை, இலையுதிர் காலத்துக்குத் திராட்சை. மனிதரும் விலங்குமாக ஏறக்குறைய நாற்பது உருவங்கள், எல்லாம் ஒரே பளிங்குக் கல்லில். காலம் கி.பி. 260 - 270. அதைச் செதுக்கியவர்களின் கைத்திறனை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அதற்குள் கிடந்தவர் யார் என்று கேட்டுப் பார். பெயர் இல்லை. 1728இல் ஓர் ஆங்கிலேயப் பிரபு இத்தாலியில் வாங்கித் தன் பேட்மின்டன் மாளிகைக்குக் கொண்டுபோனார் (ஆமாம், அந்த விளையாட்டுக்குப் பெயர் தந்த அதே மாளிகை). 1955இல் நியூயார்க் வந்தது. வாங்கியவர், விற்றவர் பெயரெல்லாம் ஏட்டில் இருக்கிறது, உள்ளே படுத்திருந்தவர் பெயர் மட்டும் போய்விட்டது.

அதனால் உன் கேள்விக்குப் பதில் அங்கே கிடைக்காது. அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு பேழை இருக்கிறது, அதன் எதிரில் போய் நில். ரோம் நகரின் துறைமுகமான ஓஸ்தியாவில் 1825இல் தோண்டியெடுத்தது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. திராட்சை மிதிக்கும் தொட்டி போல ஓரம் வளைந்திருக்கும், சிங்க முகங்கள் இருக்கும். கீழே இருக்கும் கூட்டத்தைப் பார்க்கும் முன் மூடியைப் பார். நடுவில் சில வரி லத்தீன். அதற்குப் பக்கத்திலேயே ஒரு பெண்ணின் முகம். அவள்தான் அர்ரியா. ஐம்பது வருடம் பத்து மாதம் வாழ்ந்தவள். 'நிகரற்ற தாய்க்கு' என்று இதைச் செய்து வைத்தவள் அவள் மகள், அனினியா ஹிலாரா.

அந்தப் பத்து மாதம்தான் என்னை உலுக்கியது. ஐம்பது என்று முழு எண்ணாகப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மகள் மாதத்தை விடவில்லை.

'நிகரற்ற' என்பது அந்தக் காலத்து வழக்கச் சொல்தான். ரோமானியக் கல்லறைக் கல்வெட்டுகளில் தாய்க்கும் மனைவிக்கும் கணவனுக்கும் எங்கு பார்த்தாலும் வரும். கல்லூரியில் பாடம் நடத்திய நாட்களில் நானும் இதை ஒரு வாய்பாடு என்று சொல்லித்தான் கடந்து போயிருக்கிறேன். உன் பாட்டி போனபோது கருமாதிப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தோமே, அச்சகத்தில் எல்லோருக்கும் போடும் அதே வரிகளைத்தான் போட்டார்கள். திருத்தச் சொல்லி எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் என் அம்மாவுக்கென்றே எழுதியது போலத்தான் இருந்தது. அனினியாவும் அப்படித்தான் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கியிருப்பாள் என்று நம்புகிறேன்.

சரி, வேலைப்பாட்டுக்கு வருகிறேன். பேழையின் முன்பக்கத்தில் இருப்பது எண்டிமியோன் கதை. நிலவுத் தெய்வமான செலீனி ஓர் இடையன்மேல் ஆசை கொள்கிறாள். அவனோ முதுமையும் சாவும் தொடாத நிரந்தரத் தூக்கத்தில் இருக்கிறான். ஒவ்வோர் இரவும் அவள் தேரை நிறுத்தி இறங்கி வந்து அவனைப் பார்க்கிறாள். அவள் தேரிலிருந்து கால் வைத்து இறங்கும் கணம்தான் கல்லில் இருக்கிறது. வலப்பக்கத்தில் அவன் சாய்ந்து தூங்குகிறான், மேலே ஒரு பெண் தூக்க மருந்தை ஊற்றுகிறாள், அவள் கையில் கசகசாச் செடியின் காய்கள்.

ஐம்பது வயதுத் தாயின் பெட்டிக்கு இந்தக் காதல் கதை எதற்கு என்று கேட்கத் தோன்றும். இதில் காதலை மட்டும் பார்க்காதே. போனவர் தூங்குகிறார், உயிரோடு இருப்பவர் தேடி வருகிறார். இந்த இரண்டும்தான் கதை. மகளுக்கு வேண்டியதும் இந்த இரண்டும்தான்.

அவர்கள் உண்மையிலேயே தேடி வந்தார்கள். நீ நினைப்பது போல அந்த இருட்டுக்குள் யாரும் போகாமல் இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் எரிக்கும் வழக்கம் மெல்லக் குறைந்து, வசதியுள்ள குடும்பங்கள் உடலைப் பேழையில் வைக்கத் தொடங்கின. வசதி இல்லாதவர்களுக்கு இந்தப் பளிங்கெல்லாம் ஏது? பேழைகள் குடும்பக் கல்லறை அறைக்குள் சுவரையொட்டி இருக்கும். அதனால்தான் ரோமில் செய்த பல பேழைகளின் பின்புறம் வெறுமையாக இருக்கும். ஏதென்ஸ் பட்டறைகளில்தான் நான்கு பக்கமும் செதுக்கினார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 13 முதல் 21 வரை பேரெண்டாலியா என்று இறந்த பெற்றோருக்கான நாட்கள். கோயில்களை மூடிவிடுவார்கள், கல்யாணம் கிடையாது. மாலை, கொஞ்சம் தானியம், உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி, வயலெட் பூ எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். அந்த அறையில் விளக்கைத் தூக்கிப் பிடித்து இந்தச் சிற்பத்தைப் பார்த்திருப்பாள் அனினியா. அந்தக் காலத்தில் பல பேழைகளில் வண்ணமும் பூசியிருந்தார்கள்.

அர்ரியாவின் பேழைக்குப் பின்னாலும் போய்ப் பார். அங்கே மேலோட்டமான செதுக்கலில் மாடும் குதிரையும் மேய்கின்றன, மேய்ப்பவர்கள் கூடவே நிற்கிறார்கள். முன்பக்கத்துச் சந்தடி எதுவும் அங்கே இல்லை. பெரும்பாலானவர்கள் முன்பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

செதுக்கியவர்களைப் பற்றியும் கொஞ்சம். தலைமுடிச் சுருள்களுக்குக் கிட்டே போனால் வரிசையாகத் துளைகள் தெரியும். துளையிட்டு, துளைகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஆழமான இருட்டுக் கோடாக்கினார்கள். விளக்கொளியில் உருவங்கள் துள்ளி எழுவது அந்த இருட்டால்தான். இதற்கான கருவியை இயக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் துளைக்கும் முனையைப் பிடித்துத் திசை காட்ட, இன்னொருவர் அதில் சுற்றிய கயிற்றை இப்படியும் அப்படியும் இழுத்துச் சுழற்றுவார். இது நமக்கு எப்படித் தெரியும் தெரியுமா? யூட்ரோபஸ் என்ற கிறிஸ்தவச் சிற்பியின் கல்லறைப் பலகை இத்தாலியின் உர்பினோ நகரில் இருக்கிறது. அவர் துளை போட, உதவியாள் கயிறு இழுக்க, எதிரே சிங்கத் தலை வைத்த ஒரு பேழை. கோடு கோடாகக் கீறிய எளிய படம்தான். அதைச் செய்து வைத்தது அவருடைய மகன் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஊருக்கெல்லாம் பேழை செய்தவருக்குப் பிள்ளையால் முடிந்தது ஒரு பலகை. எனக்கு அது எந்தப் பேழைக்கும் குறைந்ததில்லை.

இவையெல்லாம் கல்லறையைவிட்டு வந்ததில் எனக்கு வேதனை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ரோம் வீழ்ந்த பிறகு பல பேழைகளைக் காலி செய்து நீரூற்றுத் தொட்டியாக வைத்தார்கள். வேறு பலவற்றில் வேறு யாரையோ அடக்கம் செய்தார்கள். மன்னர் சார்லமேன் உடலை வைத்ததாகச் சொல்லும் ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பேழைகூட அவர் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன் செய்த ரோமானியப் பேழைதான். அப்புறம் பிரபுக்கள், வியாபாரிகள், கடைசியில் அருங்காட்சியகங்கள். எலும்பு எங்கே போனது என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கல் பிழைத்ததே அருங்காட்சியகங்களால்தான் என்பார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கலைப்பொருளாக மட்டும் பார்த்துவிட்டு நகர்வது சரியில்லை. அது ஒருத்தி தன் அம்மாவைப் படுக்கவைத்த இடம்.

ஊருக்கு வரும்போது பாரிஸ் வழியாக வருவதாகச் சொன்னாயே, லூவர் அருங்காட்சியகத்துக்கு அரைநாளாவது ஒதுக்கு. 1805இல் போர்தோ நகருக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடைத்த இரண்டு பேழைகள் அங்கே உண்டு. ஒன்றில் இதே எண்டிமியோன். மற்றதில் தூங்கும் இளவரசி அரியாட்னியை டயோனிசஸ் கண்டெடுக்கிறான். அந்த அரியாட்னிக்கு உடல், உடை எல்லாம் முடித்திருக்கிறார்கள், முகத்தை மட்டும் செதுக்காமல் விட்டிருக்கிறார்கள். இறந்தவரின் முகம் வரவேண்டிய இடம், வரவே இல்லை.

ஆனால் அங்கே நீ முதலில் பார்க்கவேண்டியது மார்க்கஸ் கொர்னேலியஸ் ஸ்டாட்டியஸ் என்ற சிறுவனின் சின்னப் பேழை. கி.பி. 150 வாக்கில் செய்தது. அதில் வீட்டுக் காட்சிகள். அம்மா மடியில் வைத்துப் பால் கொடுக்கிறாள், அப்பா பக்கத்தில் நின்று பார்க்கிறார். அடுத்ததில் அப்பா கையில் குழந்தை. அப்புறம் பிள்ளை ஒரு குட்டி வண்டியை ஓட்டுகிறான். கடைசியில் அப்பாவுக்கு முன்னால் நின்று பாடம் ஒப்பிக்கிறான். பெற்றவர்கள் அந்தப் பிள்ளையின் நாட்களை வரிசையாக எண்ணிப் பார்த்துச் சொல்லச் சொல்ல யாரோ செதுக்கியது போல இருக்கிறது. அதைத் தனியாகப் பார்க்காதே, நானும் அப்பாவும் பாரிஸ் வந்துவிடுகிறோம், சேர்ந்தே பார்க்கலாம். விசாவுக்கு நாள் பிடிக்கும், டிக்கெட் தேதி முடிவானதும் உடனே சொல்.

அன்புடன்,
அம்மா