நிறைந்தபடியே வீடு வரும் தண்ணீர்ப் போத்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று பத்திரிகைகளிலும் வானொலியிலும் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் பெண்பிள்ளைகள் ஏன் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் தரம் எட்டில் படிக்கிறாள். காலையில் 750 மில்லிலீற்றர் போத்தலை நிரப்பிக் கொடுத்து விடுவேன். மத்தியானம் அவள் புத்தகப்பையை வாங்கும்போதே கை சொல்லிவிடும், போத்தல் அப்படியே இருக்கிறது. மறந்துபோகிறாள் என்று நினைத்து ஏசியிருக்கிறேன். போன மாதம் ஒருநாள் இரவு அடிவயிறு நோகுது, சலம் எரியுது என்று அழுதாள். சோதித்துப் பார்த்த வைத்தியர், சலத்தில், அதாவது சிறுநீரில், கிருமி என்றார். பள்ளிக்கூட நேரத்தில் எத்தனை தடவை சலம் கழிக்கிறாய் என்று அவளிடம் கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "தண்ணி குடிச்சாப் போகணுமே அம்மா. அங்க போகேலாது. கதவுக்குக் கொக்கி இல்ல, ஒராள் வெளிய நிண்டு பிடிக்கணும். வாளியில தண்ணியும் இருக்காது."

காலை ஆறரைக்கு வீட்டில் போனால் அடுத்தது மத்தியானம் இரண்டு மணிக்குத்தான். அவளுடைய கூட்டாளிகளும் அப்படித்தானாம்.

இது சின்ன விஷயம் இல்லை. தாகம் எடுக்கும் நேரத்தில் உடல் ஏற்கெனவே தன் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு நீரை இழந்திருக்கும். நாற்பது கிலோ உள்ள பிள்ளைக்கு அது 400 முதல் 800 மில்லிலீற்றர், அதாவது அந்தப் போத்தல் அளவு. தலையிடி வரும், பாடத்தில் கவனம் நிற்காது. நீர் குறையும்போது சிறுநீரகம் இருக்கிற நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சலம் கடும் மஞ்சளாகிக் கொஞ்சமாகத்தான் வரும். சலம் போகும்போதுதான் கிருமிகளும் கழுவப்பட்டு வெளியேறுகின்றன. பெண்பிள்ளைகளுக்குச் சலவழி குட்டை, கிருமி சீக்கிரம் சலப்பைக்குள் ஏறிவிடும். குடிக்காமலும் போகாமலும் ஏழரை மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருந்தால் வேறென்ன நடக்கும்?

அப்புறம் இன்னொன்று. காலை முழுக்கக் காய்ந்து கிடந்த பிள்ளைகள் மணி அடித்ததும் ஓடுவது வாசலுக்கு எதிரே உள்ள கடைக்கு. குளிரூட்டியில் இருந்து எடுத்த சோடாவை நின்ற நிலையிலேயே குடித்து முடிக்கிறார்கள். எங்கள் இலங்கையில் 2016 ஆம் ஆண்டிலிருந்து மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. சிவப்பு இல்லைத்தானே என்று நாங்களும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மஞ்சள் அடையாளத்தோடு 10 கிராம் என்று போட்டிருக்கும் 400 மில்லிலீற்றர் போத்தலைக் கணக்குப் பார்த்தேன். 40 கிராம் சீனி. வளர்ந்த ஒருவருக்கே நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடாவிலும் தண்ணீர் இருக்கிறது, தாகம் அடங்கத்தான் செய்யும். ஆனால் அந்த வயிற்றுக்கு மத்தியானச் சோறு வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

இப்போது என் மகள் வீடு வந்ததும் மோர்தான் குடிக்கிறாள். தயிருக்கு மட்டக்களப்பில் என்ன பஞ்சம்! இரண்டு அகப்பைத் தயிரை ஒரு செம்புத் தண்ணீரில் அடித்து, உப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம், கிள்ளிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டால் சரி. வேர்வையில் போன உப்பும் அதில் திரும்பி வருகிறது. எந்தப் பானம் உடலில் அதிக நேரம் தங்குகிறது என்று பிரித்தானியாவில் பரிசோதித்து 2016 இல் முடிவு வெளியிட்டார்கள். வெறும் தண்ணீரை விட ஜீவனி போன்ற உப்புக் கரைசலும் பாலும் கூடுதலாகத் தங்கினவாம். தேநீரும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒன்றுதானாம். ஆகவே, உள்ளங்கையில் சீனி வைத்துக் குடிக்கும் எங்கள் வெறுந்தேத்தண்ணி உடம்பை வற்றவைக்கும் என்ற பயம் வேண்டாம். சோற்றோடு சேர்த்துக் குடித்தால் மட்டும் உணவில் உள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. மாதவிலக்கு வரும் வயதுப் பிள்ளைகளுக்கு அது முக்கியம், ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். இளநீர் நல்லது. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, அதனால் சிறுநீரக வருத்தம் உள்ள பெரியவர்கள் வைத்தியரைக் கேட்டுத்தான் குடிக்கவேண்டும்.

இதெல்லாம் வீட்டில் நான் செய்யக்கூடியது. ஆனால் காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பிள்ளை என் கையில் இல்லை. அதிபர்களிடமும் வலயக் கல்வி அலுவலர்களிடமும் நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவுகளுக்கு உள்ளே ஒரு கொக்கி, நிரம்பிய வாளி, ஒரு கோப்பை, மூடியுள்ள குப்பைக்கூடை. பாட நேரத்தில் பிள்ளை எழுந்து கேட்டால், ஏன் என்று எல்லார் முன்னாலும் விசாரிக்காமல் போகவிடுகிற ஆசிரியர்கள். இடைவேளை மணிக்கு முன்னால் இரண்டு நிமிடம், வகுப்பே சேர்ந்து தண்ணீர் குடிக்க.

கொக்கிக்கும் வாளிக்கும் காசு இல்லையென்றால் சொல்லுங்கள். பெற்றோர் நாங்கள் சேர்த்துத் தருகிறோம். எங்கள் வகுப்பில் நான்கு தாய்மார் இப்போதே தயார். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் முதலில் கேட்கப்போகிறோம்.

இப்படிக்கு,
தரம் எட்டு மாணவி ஒருத்தியின் தாய்,
மட்டக்களப்பு.