தகரத்தில தட்டி எடுத்த சத்தம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல எண்பதுகளின்ட இங்கிலீஷ் பாட்டுகள் பற்றி வந்த கட்டுரைய வாசிச்சனான். இங்கிலாந்தின்ட டெபேஷ் மோட் எண்ட பாட்டு குரூப்புக்கு ரெண்டே ரெண்டு வரி, அதுவும் உணர்ச்சியில்லாத மெஷின் சத்தம் எண்டு. மனசு கேக்கேல்ல, அதான் எழுதுறன்.

எழுதினவர் 1981ல வந்த முதல் அல்பத்தோட நிண்டிட்டார் போல. அது சந்தோஷமான டான்ஸ் பாட்டுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அதில முக்கால்வாசிப் பாட்ட எழுதின வின்ஸ் கிளார்க் அந்த வருஷ முடிவோடயே விலகிட்டார், பிறகு குரூப்பில இருந்த மார்ட்டின் கோர் பாட்டு எழுதத் தொடங்கி, ஆலன் வைல்டரும் வந்து சேர்ந்த பிறகு குரூப்பின்ட குணமே மாறிப்போச்சு. 1983 அல்பத்துக்கு அவை வெளியில திரிஞ்சு இரும்பு, தகரம் எண்டு அம்பிட்டதையெல்லாம் தட்டி ரெக்கோர்ட் பண்ணி, அந்தச் சத்தத்த எமுலேட்டர் எண்ட சாம்பிளர்ல, அதாவது பதிஞ்ச சத்தத்த கீபோர்ட்டில வாசிக்க விடுற மெஷின்ல ஏத்தி, கீபோர்ட்டின்ட ஒவ்வொரு கட்டையிலயும் ஒவ்வொரு சுருதியில வாசிச்சவை. ஆள் கையால அடிச்ச அடி அது. மிக்ஸ் பண்ணினது பெர்லின் சுவருக்குப் பக்கத்தில இருந்த ஹன்ஸா ஸ்டூடியோவில.

அந்த அல்பத்தில இருக்கிற 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' கம்பெனிக்காரரின்ட பேராசைய பற்றின பாட்டு. குரூப்பின்ட பாடகர் டேவ் கான் கனத்த குரல்ல கதைய சொல்லிக்கொண்டு போவார், கோரஸ் வந்தோடன மார்ட்டின் கோர் மெல்லிசா, ஏதோ கவலைப்படுற ஆள் மாதிரி பாடுவார். கோபத்த கத்தாம சொல்லுறதெண்டா அப்பிடித்தான் சொல்லவேணும்.

அடுத்த வருஷம் வந்த 'பீப்பிள் ஆர் பீப்பிள்' மேற்கு ஜெர்மனியில நம்பர் வண்ணா வந்தது. ஒரு கெடுதலும் செய்யாத ஒருத்தன இன்னொருத்தன் ஏன் வெறுக்கிறான் எண்டுதான் அந்தப் பாட்டு கேக்குது. எனக்கு அப்ப பதினாறு வயசு. 83 ஜூலையில தமிழருக்கு எதிரா நடந்த கலவரம் முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகேல்ல, அகதி முகாமில இருந்து கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தம், முன் சுவரில கரி இன்னும் போகேல்ல. காலிக்குப் போற ரோட்டில ஒரு கடையில வெறும் கசட்டும் பாட்டு லிஸ்டும் குடுத்து ரெக்கோர்ட் பண்ணி வாங்கி, இரவில சத்தத்த குறைச்சு வச்சுக் கேட்டனான், அந்த இரும்புச் சத்தம் டங் டங் எண்டு விழ வெளியில கடற்கரையால கோச்சி (ரயில்) போகும், எது பாட்டு எது கோச்சி எண்டு பிரிக்க ஏலாது. இங்கிலீஷ் அரைகுறையாத்தான் விளங்கிச்சு, ஆனா அந்தக் கேள்வி விளங்கிச்சு. பக்கத்தில படுத்திருந்த அண்ணா திருப்பிப் போடு எண்டார், அவர் பொப் பாட்டே பிடிக்காத ஆள்.

1988 ஜூன் 18ல கலிபோர்னியா ரோஸ் போல் மைதானத்தில கிட்டத்தட்ட 60,000 பேர் இந்தக் குரூப்ப கேக்க வந்தவை. மெஷின பாக்க அவ்வளவு பேர் வரமாட்டினம் ஐயா.

கட்டுரை எழுதினவர திரும்ப ஒருக்கா எழுதச் சொல்லுங்கோ, 1983ல இருந்து 1987 வரைக்கும் வந்த நாலு அல்பத்தையும் முழுசாக் கேட்டிட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொழும்பு 06