பெயர் கேட்காமல் விட்ட அந்த அக்காவுக்கு

லீவில் கிளிநொச்சிக்கு வந்து பத்து நாளாகிறது. நேற்று இரணைமடுக் குளக்கட்டில் வெயில் முதுகைச் சுட நின்றபோது உங்களைத்தான் நினைத்தேன் அக்கா.

கனடாவின் வின்னிபெக் நகரில் அது என் முதல் குளிர்காலம். டிசம்பரில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும், ஜனவரியில் மைனஸ் 30, வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. எங்கள் ஊரில் பொழுதுபட்டால் படலையடியில் நாலு பேர் நின்று கதைப்பார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தையே மூன்று மாதமாக நான் காணவில்லை, கார்களைக்கூட இரவில் கரண்டில் செருகி விடுவார்கள், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

அன்று பஸ் தரிப்பிடத்தில் என் மெல்லிய கையுறையைப் பார்த்துவிட்டு, "தம்பி, தமிழோ?" என்றீர்கள். பிறகு உங்கள் கையில் இருந்த, விரல் பிரியாத தடித்த கையுறையைக் கழற்றி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் சூடு நிற்கும் என்று சொல்லி நீங்களே எனக்கு மாட்டிவிட்டீர்கள். உள்ளே உங்கள் கைச்சூடு இருந்தது. நீங்கள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டீர்கள்.

"குளிர் விடட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க்ஸுக்குப் போங்கோ" என்றீர்கள். போனேன். ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் சேரும் இடம், உறைந்த ஆற்றின் மேல் திருவிழா மாதிரிச் சனம். அங்கே சந்தித்த வவுனியாத் தம்பியின் வீட்டில்தான் இப்போது எனக்கு ஞாயிறு தோறும் புட்டு.

கையுறை பத்திரமாக இருக்கிறது அக்கா. மாசியில் திரும்பி வருகிறேன், அதே தரிப்பிடத்தில் காலை ஏழரை பஸ்ஸுக்கு நிற்பேன்.