சனிக்கிழமையை விட்டுவிடலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஒரே கிளப்பில் வாராவாரம் சனிக்கிழமை இரவு முழுவதும் இசைப்பது உங்களை ஓரிடத்திலேயே கட்டிப்போட்டு வைத்திருப்பதாகவும், அந்த ரெசிடென்சியை (ஒரே கிளப்பின் நிரந்தர டிஜே பணியை) உதறிவிட்டு வெளிநாட்டு விழாக்களுக்கு முயன்று பார்க்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: விடாதீர்கள். டிஸ்கோவிலிருந்து சிகாகோ கிளப்களில் பிறந்த நடன இசையான ஹவுஸில் உலகம் சுற்றும் டிஜே ஆக விரும்புகிறவர் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது அந்தச் சனிக்கிழமையைத்தான் என்பது என் எண்ணம்.

ஹவுஸ் இசையின் முன்னோடியான ஃபிராங்கி நக்கிள்ஸின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் வாழ்க்கையின் கால வரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 1955-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். நண்பரும் டிஜேவுமான லாரி லெவனுடன் சேர்ந்து, நியூயார்க்கில் நடனத் தளமும் இருந்த கான்டினென்டல் பாத்ஸ் என்ற குளியலகத்தில் தொழில் பழகியவர். 1977-இல் சிகாகோவுக்கு வந்து, தெற்கு ஜெஃபர்சன் தெருவில் இருந்த வேர்ஹவுஸ் கிளப்பின் டிஜே ஆனார். பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவருமான தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடிய அந்த இடத்தில் 1982 வரை இசைத்தார். பிறகு அதே நகரத்தில் பவர் பிளான்ட் என்ற கிளப்பைத் தொடங்கினார். லண்டனில் டெலிரியம் என்ற கிளப் நிகழ்வுக்காக அவர் சில மாதங்கள் தங்கி இசைத்தது 1987-இல். இடையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சிகாகோவில் கழிந்திருந்தன. இன்று இரண்டு ஆண்டுகளில் யாரும் கூப்பிடவில்லையே என்று சலித்துக்கொள்கிறோம்.

அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் செய்த வேலைதான் நாம் கவனிக்க வேண்டியது. 1979 ஜூலையில் சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை எதிர்த்தவர்கள் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெரிய இசை நிறுவனங்களும் டிஸ்கோவிலிருந்து பின்வாங்கின. புதிய நடனத் தட்டுகள் குறைந்துபோன நிலையிலும் நக்கிள்ஸின் நடனத் தளத்தில் கூட்டம் குறையவில்லை. அவர்களுக்கு எதையாவது இசைத்தாக வேண்டும். அதனால் கையில் இருந்த பாடல்களையே ஒலிநாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டி, பாடல் எப்போது திரும்பி வரும் என்று கூட்டம் ஏங்கும்படி அமைத்தார். வெட்டியது பலித்ததா இல்லையா என்பது அடுத்த சனிக்கிழமை தெரிந்துவிடும். டெட்ராய்ட்டைச் சேர்ந்த இசைக் கலைஞர் டெரிக் மே அவருக்கு ஒரு ரோலண்ட் டிஆர்-909 தாள இயந்திரத்தை விற்றபோது, அதை எங்கே எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதும் அதே ஆட்களின் கால்களைப் பார்த்தே முடிவாகியிருக்கும். விழாவுக்கு விழா ஓடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. தவறாகப் போன டிராக்கைத் திருத்தி, அதே கூட்டத்தின் முன் மறுபடி இசைத்துப் பார்க்க அவரால் முடியாது.

உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. 122 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 122 தாளம்) ஓடும் டிராக்கையும் 124-இல் ஓடும் டிராக்கையும் திருத்தாமல் சேர்ந்தாற்போல் விட்டால், பதினைந்து நொடிகளில் அரைத் தாளம் விலகி, ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றிக் குத்துவது போல இரண்டு டிராக்குகளின் கிக் டிரம் அடிகளும் தனித்தனியாகக் கேட்கும் என்பதும், மெதுவான டிராக்கின் பிட்ச் ஸ்லைடரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) 1.6 சதவீதம் அளவுக்கு ஏற்றினால் அது சரியாகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரமே அதைச் செய்துவிடுகிறது. அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. எந்த 32 தாளம் முடியும் இடத்தில் பழைய டிராக்கின் பாஸைக் குறைத்துப் புதியதன் பாஸைத் திறப்பது, பாதிக் கூட்டம் தண்ணீர் குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் எதை இசைப்பது, மிஞ்சியிருக்கும் நாற்பது பேரைக் கிளம்பவிடாமல் எப்படி நிறுத்துவது ஆகியவற்றை இயந்திரம் சொல்லித்தராது. ஒன்றரை மணி நேர விழா மேடையிலும் இவற்றைக் கற்க முடியாது. அங்கே வருகிறவர் ஏற்கெனவே சூடேறிய கூட்டத்தைப் பெற்று, சூடு தணியாமல் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்.

அப்படியானால் அழைப்பு எப்படி வரும் என்று கேட்பீர்கள். டிராக் முன்னால் போகும், ஆள் பின்னால் போவார். நக்கிள்ஸ் பின்னர் டேவிட் மொராலஸுடன் டெஃப் மிக்ஸ் குழுவில் செய்த ரீமிக்ஸ்கள், அவர் கால் வைக்காத ஊர்களிலும் ஒலித்தன. 1998-இல் ரீமிக்ஸ் கலைஞருக்கென்று முதன்முதலாக கிராமி விருது வழங்கப்பட்டபோது அது அவருக்கே கிடைத்தது. தென்னாப்பிரிக்க ஹவுஸ் டிஜே பிளாக் காஃபியின் பாதையும் ஏறக்குறைய இதுதான். நெல்சன் மண்டேலாவின் விடுதலையை 1990-இல் கொண்டாடிய கூட்டத்தில் கார் புகுந்ததில் இடது கையின் இயக்கத்தை இழந்தவர் அவர். ஒரே கையால் மிக்சரைப் பழகினார், சொந்த நாட்டில் சொந்த லேபிளில் டிராக்குகளை வெளியிட்டார். அவருடைய ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது 2022-இல். ஆகவே சனிக்கிழமை இரவை வைத்துக்கொண்டு, வாரத்தின் மற்ற நாட்களில் ஒன்றிரண்டையாவது டிராக் உருவாக்கத்துக்கு ஒதுக்குங்கள். சமூக ஊடகப் பின்தொடர்வோரைக் கூட்டித்தருவதாகச் சொல்லும் ஆட்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். விசா, ஏஜென்ட்டின் பங்கு, ஒப்பந்தம் போன்றவை தலைவலி பிடித்தவைதான் என்றாலும், அழைப்பு வந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடியவை.

காதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க நிபுணர்கள் பரிந்துரைக்கும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது வெறும் பதினைந்து நிமிடம். டிஜே மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரும் ஹெட்போனும் சேர்ந்து இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம், நீங்களோ விடிய விடிய நிற்கிறீர்கள். காதின் அளவெடுத்துச் செய்யும் செவியடைப்பானை, புதிய மிக்சர் வாங்குவதற்கு முன் வாங்குங்கள். காதில் இரைச்சல் தங்கிவிட்டால் ஹை-ஹேட் என்ற ஜால்ரா போன்ற தாளத் தட்டின் நுணுக்கம்தான் முதலில் மங்கும்.

நீங்கள் அனுப்பிய ஒரு மணி நேர விளம்பர மிக்ஸைக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து உங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியவில்லை. கூட்டம் குறைவாக இருந்த ஏதாவது ஒரு சனிக்கிழமையின் பதிவு இருந்தால், மூன்றாவது மணி நேரத்தை வெட்டாமல் திருத்தாமல் அனுப்புங்கள். எந்த இடத்தில் ஆட்கள் தளத்தைவிட்டுப் போனார்கள் என்பதையும் நேரத்தோடு குறித்து அனுப்பினால், அந்த இடங்களைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்