ஜப்பான் மலை ஊரில் 2,000 ரூபாய்க்கு இரவு தங்கக் கட்டில், நம் மலை ஊர்களில் ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நன்றாகவே எழுதியிருக்கிறார், படங்களும் அழகு. ஆனால் தங்கும் செலவு என்று போட்டிருக்கிற கணக்கைப் பார்த்தால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இரவுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் யென் வாங்குகிற பாரம்பரிய விடுதிகளைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. பயணிகள் பொது அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் பணம் கொடுத்துத் தங்குகிற ஹாஸ்டல் என்று ஒன்று அந்த நாட்டில் இருப்பதாகவே ஒரு வரி இல்லை. அதைத்தான் எழுத வந்தேன். கடிதம் நீளம், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

எனக்கு 54 வயது, என் அக்காவுக்கு 61. நாங்கள் இருவரும் தகயாமாவில் ஹாஸ்டலில்தான் தங்கினோம். கிஃபு மாகாணத்தில், ஹிடா மலைப்பகுதிக்கு நடுவில் ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. 2005-ல் சுற்றியிருந்த ஊர்களை எல்லாம் சேர்த்துக்கொண்ட பிறகு பரப்பளவில் ஜப்பானிலேயே பெரிய நகராட்சி, ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடும் மலையும்தான், ஜனத்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. நகோயாவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். டோக்கியோவின் ஷிஞ்ஜுகுவிலிருந்து நேரடி பஸ் இருக்கிறது, ஐந்தரை மணி நேரம் ஆகும். நாடு முழுக்க ரயிலில் சுற்றுவதற்கான ரயில் பாஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யச் சொல்லுங்கள். 29,650 யென்னாக இருந்த 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. ஒரு மலை ஊருக்குப் போய் நிதானமாக இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, பஸ்ஸே போதும்.

சரி, ஹாஸ்டலுக்கு வருகிறேன். தகயாமாவில் பொது அறையில் ஒரு கட்டிலுக்கு ஏறக்குறைய 3,000 யென்னிலிருந்து 4,500 யென் வரை கேட்கிறார்கள். ஒரு யென்னை 60 காசு என்று வைத்துக்கொண்டாலும் 1,800 ரூபாயிலிருந்து 2,700 ரூபாய்க்குள்தான். இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று நம்மவர்கள் மனசில் ஒரு படம் இருக்கிறது: அழுக்குத் தலையணை, ஈரம் காயாத பாத்ரூம், பூட்டில்லாத கதவு. அந்தப் படம் முழுக்கத் தப்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், அதனால் தரையில் மண் என்ற பேச்சே கிடையாது. பெண்களுக்கு என்று தனி அறை. கட்டில் மரத்தால் ஆனது, மூன்று பக்கம் பலகை, நான்காவது பக்கம் கனமான திரை, அதை இழுத்துவிட்டால் உள்ளே நாம் மட்டும்தான். தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு, சார்ஜர் சொருக இடம், கண்ணாடியும் மாத்திரையும் வைக்க ஒரு பலகை. துவைத்து மடித்த விரிப்பு, போர்வை உறை, தலையணை உறை மூன்றையும் கையில் தருவார்கள், நாமே விரித்துக்கொள்ள வேண்டும், காலி செய்கிற அன்று நாமே உருவிக் கூடையில் போட வேண்டும். அக்காவுக்கு மூட்டு வலி. ரயிலில் லோயர் பெர்த் கேட்கிற மாதிரி பதிவு செய்யும்போதே கீழ்க்கட்டில் வேண்டும் என்று எழுதிக் கேட்டோம், மறு பேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

குளிக்கும் இடத்தைப் பற்றிப் பெண்கள் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சேர்ந்து வெந்நீர்த் தொட்டியில் இறங்குகிற வழக்கம் அந்த நாட்டில் உண்டு, ஆனால் நாங்கள் இருந்த ஹாஸ்டலில் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் தனித்தனி ஷவர் அறைகள். முன்னால் உடை மாற்ற ஒரு காய்ந்த இடம், அப்புறம்தான் தண்ணீர் விழும் இடம். குளித்து முடித்ததும் சுவரில் தொங்குகிற ரப்பர் துடைப்பானால் தரைத் தண்ணீரை நாமே வழித்துவிட்டு வர வேண்டும். எல்லோரும் செய்கிறார்கள். இருபது வயதுப் பையன்களிலிருந்து தலை நரைத்த ஜப்பானியத் தம்பதிவரை எல்லோரும். அந்த இடம் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான், வேலைக்காரர்களின் எண்ணிக்கை இல்லை. அங்கே பகலில் இரண்டு மூன்று பேரைத் தவிர யாரும் கண்ணில் படவே இல்லை.

இரவு பத்து மணிக்கு மேல் பேச்சு கிடையாது. விடியற்காலை பஸ் பிடிக்கிறவர்கள் முந்தின இரவே மூட்டையைக் கட்டி வெளியே பொது அறையில் வைத்துவிடுகிறார்கள். ஐந்து மணிக்கு பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று பிரித்தால் அறை முழுக்க விழித்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இதை ஒன்றை மட்டும் மறக்காமல் கடைப்பிடித்தால் புண்ணியமாகப் போகும்.

சைவம் சாப்பிடுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு ஹாஸ்டல், ஓட்டலை விட மேல் என்று நான் அடித்துச் சொல்வேன். காரணம் சமையலறை. ஜப்பானில் காய் மட்டும் மிதக்கிற சூப் என்று நினைத்து வாங்கினாலும் அதன் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது, கோதுமை நூடுல்ஸ் குழம்பும் அப்படித்தான். தகயாமாவோ ஹிடா மாட்டிறைச்சிக்குப் பேர் போன ஊர், தெருவுக்குத் தெரு அதுதான் வாசனை. ஓட்டல் அறையில் ஒரு கெட்டிலைத் தவிர எதுவும் இருக்காது. ஹாஸ்டலில் அடுப்பு, வாணலி, கத்தி, தட்டு, ரைஸ் குக்கர், ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். ஃபிரிட்ஜில் வைக்கும் பொருளின் மேல் பேரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும், தேதி தாண்டினால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஜப்பான் அரிசி குட்டையாக, ஒட்டும் ரகம், புளியோதரைக்குச் சரிப்படாது, ஆனால் தயிர் சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான அரிசி கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் இனிப்புப் போடாத தயிர் கிடைக்கிறது. அக்கா தயிர் சாதம் பிசைந்து, கொண்டுபோன கடுகையும் பெருங்காயத்தையும் தாளித்துக் கொட்டினாள், தாளிக்கும் முன் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அறைக் கதவைச் சாத்தினாள். கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள், கேட்டு வாங்கி இரண்டு முறை சாப்பிட்டாள்.

எதை எடுத்துப் போகலாம் என்று பலர் கேட்கிறார்கள். பொடிகள், தாளிக்கும் சாமான் போதும். இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள், பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாயையும் தொடாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

பதிவு மேசையில் வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் நகல் எடுத்துக்கொள்வது அங்கே விதிமுறை. எடுத்துக்கொண்டார்கள், சாவி தந்தார்கள், அவ்வளவுதான். துணைக்கு யார், வீட்டுக்காரர் வரவில்லையா, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் தமிழ்நாட்டு மலை ஊர் ஒன்றில் இதே நானும் அக்காவும் முன்பதிவு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஆண் துணை இல்லாமல் அறை தருவதில்லை என்று ஒரு விடுதியில் திருப்பி அனுப்பினார்கள். மழை, இருட்டு, அக்காவின் முழங்கால். கடைசியில் தேவைக்கு மேல் மூன்று மடங்கு பணம் கொடுத்து வேறு இடத்தில் தங்கினோம். இங்கே பெங்களூரிலும் இன்னொரு கூத்து இருக்கிறது, ஆதாரில் உள்ளூர் முகவரி இருந்தால் அறை கிடையாது என்பது. வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், இரண்டு நாள் தங்க வேண்டும் என்றால் கூட நடக்காது. நாடு முழுக்க முளைத்திருக்கிற புது ஹாஸ்டல்கள் சிலவற்றில் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அனுமதி இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அறுபது வயதுக்காரி திரைக்குள் படுத்துத் தூங்குவதால் யாருக்கு என்ன தொந்தரவு?

தகயாமா நகரமே வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் நினைத்துச் சீர் செய்யப்பட்ட ஊர். 1996-லிருந்தே சக்கர நாற்காலிக்காரர்களை அழைத்து ஊரைச் சுற்றிக் காட்டி, எங்கே தடுக்கிறது, எங்கே ஏற முடியவில்லை என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, நடைபாதை மேடுகளைத் தணித்து, பொதுக் கழிப்பறைகளைத் திருத்தியிருக்கிறார்கள். மூட்டு வலியோடு அக்கா அந்தப் பழைய மரவீட்டுத் தெருக்களை முழுக்க நடந்து பார்த்தாள். மியாகவா ஆற்றங்கரையில் காலை ஏழு மணிக்குச் சந்தை கூடும், குளிர்காலத்தில் எட்டு மணிக்கு. மதியத்துக்குள் கலைந்துவிடும். பாட்டிகள் சிவப்பு முள்ளங்கி மாதிரி இருக்கிற ஒரு கிழங்கின் ஊறுகாயும் ஆப்பிளும் காய்களும் விற்கிறார்கள், சமையலறை இருப்பதால் அங்கேயே காய் வாங்கிக்கொண்டோம். அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்துச் சோயா சாஸ் தடவிச் சுட்டுத் தருவதையும் விடாதீர்கள், மற்ற ஊர்களில் இனிப்பாக இருக்கும் அது, இங்கே உப்புச்சுவை. 1692-ல் ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி இந்த மலைப்பகுதியை நேரடியாக எடுத்துக்கொண்டபோது ஏற்பட்ட நிர்வாக அலுவலகம் இன்னும் நிற்கிறது, நாட்டில் அந்த மாதிரிக் கட்டிடம் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. மூட்டையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு பஸ்ஸில் 50 நிமிடம் போனால் ஷிரகாவாகோ, செங்குத்தான கூரை வேய்ந்த வீடுகள், 1995-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

ஆகவே என் கோரிக்கை உங்களிடமும் அரசுகளிடமும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது, நீதிமன்ற உத்தரவு, மலையைக் காப்பாற்ற அது தேவைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் எத்தனை வண்டி ஏறலாம் என்று பேசுகிற அளவுக்கு, பஸ்ஸில் ஏறி வருகிற சாதாரண ஜனம் ராத்திரி எங்கே படுப்பது என்று யாரும் பேசுவதில்லை. காரில் வந்து காரில் போகிறவனுக்கு மலை வசதியாக இருக்கிறது, பஸ்ஸில் வருகிற ஆசிரியைக்கும் நர்ஸுக்கும் தையல்காரிக்கும் இல்லை. இளைஞர் விடுதி என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல, 1912-ல் ஜெர்மனியில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது, ஜப்பானில் 1951-ல் சங்கமே வந்துவிட்டது, இங்கே மைசூரில்கூட ஒன்று இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மடிக்கேரி, சிக்கமகளூரு என்று ஊருக்கு ஒன்று, பெண்களுக்குத் தனி அறை, திரை போட்ட கட்டில், தாழ் போடுகிற குளியலறை, ஒரு பொதுச் சமையலறை, வயது வரம்பு இல்லை, ஆண் துணை கேட்பதில்லை என்று வாசலிலேயே எழுதிய பலகை. புதிதாகக் கட்டக்கூட வேண்டாம், சீசன் தவிர மற்ற நாளில் காலியாகக் கிடக்கிற அரசுக் கட்டிடங்களே இருக்கின்றன. இலவசமும் கேட்கவில்லை. இரவுக்கு 600, 700 ரூபாய் கொடுக்க இந்த பெங்களூரில் எனக்குத் தெரிந்த பெண்களே வரிசையில் நிற்பார்கள், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் முடித்துவிட்டு, வருஷத்தில் ஒரு தடவையாவது மலைக்காற்றை வாங்கிவிட்டு வர ஆசைப்படுகிறவர்கள்.

பத்திரிகை செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பெண் நிருபர் ஒருவரைத் தனியாக, முன் அறிமுகம் எதுவும் சொல்லாமல், நம் மலை ஊர்களில் ஆயிரம் ரூபாய்க்குள் ஓர் இரவு தங்க இடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கொடுத்தார்கள், எங்கே மறுத்தார்கள், குளியலறைத் தாழ் வேலை செய்ததா என்பதை அப்படியே அச்சிடுங்கள்.

தகயாமா போக நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல் 14, 15 தேதிகளிலும் அக்டோபர் 9, 10 தேதிகளிலும் அங்கே தேர்த் திருவிழா, அந்த நாட்களில் கட்டில் விலை ஏறும், பல மாதம் முன்பே தீர்ந்தும் போகும். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், பழைய மரவீட்டு ஹாஸ்டல்களில் அறையை விட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தால் எலும்பு நடுங்கும், கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி கட்டாயம். ராத்திரி பதிவு மேசையை மூடிவிடுவார்கள், பஸ் தாமதம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு