“எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லாதே

மஞ்சக்குப்பம், கடலூர்

பாப்பாவுக்கு,

வெள்ள நிவாரண முகாமில் இருப்பவர்களிடம் “எல்லாம் சரியாயிடும்” என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லாமல் இருந்தால் கல்நெஞ்சக்காரி மாதிரி இருக்கிறது என்றாய். சொல்ல வேண்டாம் கண்ணு. வீட்டை ஆறு கொண்டுபோன ஆளுக்கு அது பொய் என்று உனக்கு முன்பே தெரியும். அதற்காக “இனிமே ஒண்ணும் இல்ல” என்பதும் நிஜமாகிவிடாது. இன்றே தீர்கிற கஷ்டம் உண்டு, ஏழெட்டு வருடம் பிடிப்பது உண்டு, தீராதது உண்டு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது.

இன்றே தீர்வது தண்ணீர். 1000 லிட்டர் தொட்டிக்கு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம். அப்படியே தூவாதே. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, வாளியை நிரப்பி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்று. அடியில் தங்குவது வெறும் சுண்ணாம்பு. அரை மணி நேரம் கழித்துக் குளோரின் சோதனைப் பெட்டியில் மஞ்சள் நிறம் வருகிறதா பார். வரவில்லையென்றால், வாய் திறந்து கிடந்த மூட்டையின் வீரியம் போயிருக்கும். இல்லாவிட்டால் கலங்கல் தண்ணீரில் போட்டிருப்பார்கள், குளோரினைச் சேறே தின்றிருக்கும். கலங்கல் அடங்கிய பிறகுதான் பவுடர்.

பிள்ளைகளுக்குப் பேதி என்றால் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ORS) பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை அந்தத் தாய்க்கு உரக்கப் படித்துக் காட்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்துவிடுவது எங்கும் நடக்கிற தவறு, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட் இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், அதை முன்னாலேயே சொல்லிவிடு. “கரைச்ச தண்ணி ஒரு நாளைக்குத்தான், நாளைக்குக் காலைல புதுசா கரைக்கணும்மா” என்று நீ சொல்லும்போது அவளுக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறாய்.

நெடுங்காலக் கஷ்டத்துக்கு நம் மாவட்டத்தையே பார். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்படி மரம் போனவரிடம் “அடுத்த வருஷம் தேறிடலாம்” என்றால் அவர் உன்னை மறுபடி நம்பமாட்டார். கணக்கைச் சொல். முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் வருடம்தான் காய்க்கத் தொடங்கும், நிறைந்த மகசூலுக்கு ஏழெட்டு வருடம் ஆகும். 7 மீட்டர் இடைவெளியில் வைத்தால் எக்டேருக்கு 200 கன்று. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் அடிக்கன்று தழைத்து ஒட்டு பட்டுப்போகும். முதல் இரண்டு வருடம் பூவையும் கிள்ளி எறியவேண்டும், அது யாருக்கும் மனசு வராத வேலை. அதுவரை சோற்றுக்கு என்ன வழி? கன்றுகளுக்கு நடுவே மல்லாட்டை, உளுந்து. கசப்பான கணக்குதான், ஆனாலும் அதன்மேல் ஒரு குடும்பம் நிற்கமுடியும்.

தீராததற்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மீனவக் குப்பங்கள் எல்லாம் உனக்குத் தெரியும், மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. பெரிய காரியம், இனி வரும் பிள்ளைகளுக்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதைச் சொல்லாதே. “இன்னொண்ணு இருக்கே”, “கடவுள் சித்தம்” இவையும் வேண்டாம். பேசச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. பக்கத்தில் உட்கார். அவளே பேசினால் பிள்ளையின் பேரைக் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லியே பேசு. சாவைப் பற்றிப் பேசினாலோ, நாள்கணக்கில் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்தாலோ தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போ. 14416 மனநல உதவிக்கான அரசு எண்.

ஒன்றில் மட்டும் கறாராக இரு. பிணம் கிடந்தால் கொள்ளைநோய் வரும் என்று பயந்து அடையாளம் பார்க்காமல் அவசரமாகப் புதைத்துவிடுவார்கள். வெள்ளத்திலும் அலையிலும் அடிபட்டுச் செத்தவர்களால் அப்படி நோய் பரவுவது மிக அரிது. புதைக்கும் முன் ஒவ்வோர் உடலுக்கும் ஒரு எண், தண்ணீரில் அழியாத சீட்டில். முழு உருவம், முகம், உடுப்பு, மச்சம் தழும்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம், ஒவ்வொரு படத்திலும் அதே எண் தெரியவேண்டும். புதைத்த இடமும் அந்த எண்ணிலேயே பதிவாகவேண்டும். இது தவறினால் ஒரு தாய் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தக் காத்திருப்பையும் நம்பிக்கை என்றுதான் ஊர் சொல்லும். அவளை அதில் விட்டுவிடாதே.

சோதனைப் பெட்டியும் அழியாத மை பேனா நாலும் பார்சலில் போட்டிருக்கிறேன். பேனாவை யாருக்கும் இரவல் கொடுக்காதே.

அம்மா